புலம்பெயர்வு, வேலைப் பாகுபாடு பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படிப்பு, அனுபவம், செய்யும் வேலை எல்லாவற்றையும் சமன்செய்து, அதாவது இவற்றில் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால், குடியேறி வந்தவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஊதியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பாகுபாடு இல்லை." இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். கணக்கில் பிழை இருக்காது, முடிவுதான் தவறு.

சொந்த நாட்டில் மருத்துவராக இருந்தவர் புது நாட்டில் டாக்சி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற டாக்சி ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் அவர் வருமானமும் அதே அளவுதான் இருக்கும். ஆனால் அவருடைய பட்டத்தை ஏற்காததும், நேர்காணலுக்கே கூப்பிடாததும் சேர்ந்துதான் அவரை அந்த இருக்கையில் உட்கார வைத்திருக்கலாம். "செய்யும் வேலை"யைச் சமன்செய்ததுமே, நாம் தேடி வந்த பாகுபாட்டை நாமே துடைத்துவிடுகிறோம்.

ஊதிய இடைவெளியை, படிப்பு, அனுபவம் போன்றவற்றால் காரணம் சொல்ல முடிந்த பகுதி, சொல்ல முடியாத பகுதி என்று பிரிக்கும் முறையை 1973-ல் பொருளியலாளர்கள் ரொனால்டு வஹாக்கா, ஆலன் பிளைண்டர் இருவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். இரண்டாவது பகுதியை அப்படியே "பாகுபாடு" என்று பெயர் மாற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. மொழித் தேர்ச்சி போல, தரவில் அளக்கப்படாத பல விஷயங்கள் அதற்குள் கலந்திருக்கும். மறுபக்கம், காரணம் சொல்லியாயிற்று என்று விட்டுவிட்ட முதல் பகுதிக்குள்ளும் பாகுபாடு ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் சமன்செய்யும் முன், இது வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே அமைந்ததா, இல்லை வேலைச் சந்தையே தீர்மானித்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, தரவில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது. என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

1980-ல் சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் தங்கள் நாட்டின் மாரியல் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் மியாமி நகரில் தங்கியதால், அங்கே தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. 1990-ல் பொருளியலாளர் டேவிட் கார்டு மியாமியை வேறு நான்கு நகரங்களோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே அங்கிருந்த குறைந்த திறன் தொழிலாளர்களின் ஊதியம் இதனால் சரிந்ததாகத் தெரியவில்லை என்றார். கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே நிகழ்வை மறுபடி எடுத்து, பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) அல்லாத ஆண்களை மட்டும் பார்த்தார். அவர்களுடைய ஊதியம் பெரிதாக விழுந்தது என்றார். பிறகு மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்டும் அந்தச் சிறிய குழுவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதே சமயத்தில், இந்தத் தரவைத் திரட்டிய கணக்கெடுப்பு கறுப்பின ஆண்களைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அவர்களுடைய சராசரி ஊதியம் குறைவு. ஆகவே யாருடைய சம்பளமும் குறையாமலேயே குழுவின் சராசரி இறங்கியிருக்க முடியும். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இதில் ஒரே ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு "பொருளியல் நிரூபித்துவிட்டது" என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

இதே கோளாறு வேறு வடிவத்திலும் வரும். 1978-ல் பேரி சிஸ்விக் ஒரே ஆண்டின் கணக்கெடுப்பை வைத்து, அதிக காலம் தங்கியவர்கள் அதிகம் சம்பாதிப்பதைக் காட்டினார். குடியேறியோர் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை எட்டிவிடுகிறார்கள் என்று தோன்றியது. 1985-ல் போர்ஹாஸ் கேட்டது எளிய கேள்வி: முன்பு வந்தவர்களும் இப்போது வருபவர்களும் ஒரே மாதிரியானவர்களா? அப்புறம் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிப்பட்டு வராதவர்கள் திரும்பிப் போய்விட்டால், மிஞ்சியவர்களின் சராசரி தானாகவே உயரும். ஒரே ஆண்டின் படத்தைப் பார்த்து ஒரு மனிதரின் முன்னேற்றத்தைச் சொல்ல முடியாது.

பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பம் அனுப்பும் சோதனைகள் இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தாண்டிவிடுகின்றன. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பி, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயர் இருந்தால் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு, கறுப்பினத்தவர் பெயர் இருந்தால் பதினைந்துக்கு ஒன்று. அதாவது வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் கூடுதல் அழைப்பு. கனடாவில் ஃபிலிப் ஓரியோபோலஸ் செய்த சோதனையில், படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாக இருந்தும் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. ஆனால் அழைப்பு வேறு, வேலை வேறு, சம்பளம் வேறு. "ஊதியத்தில் 50 சதவீதப் பாகுபாடு" என்று இதைத் திரித்து எழுதக் கூடாது. எல்லா முதலாளிகளும் சம அளவில் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. அமெரிக்காவின் 108 பெரிய நிறுவனங்களுக்கு சுமார் 83,000 விண்ணப்பங்கள் அனுப்பிய ஆய்வு 2022-ல் வந்தது. கறுப்பினத்தவர் இழந்த அழைப்புகளில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணம்.

கடைசியாக, தீர்வுகள். பெயரையோ பின்னணியையோ மறைத்தால் போதும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி கேட்பதைத் தடை செய்தார்கள். அமாண்டா ஏகனும் சோன்யா ஸ்டாரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் கேள்வியை நீக்கிய நிறுவனங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான அழைப்பு இடைவெளி 7 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக விரிந்தது. தகவல் இல்லாத இடத்தை முன்முடிவு நிரப்பிவிட்டது. பிரான்சில் பெயரில்லாத விண்ணப்பங்களைச் சோதித்தபோது, குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. இதைப் பார்த்து "பெயரை மறைப்பது பயனற்றது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சோதனையில் சேர்வது நிறுவனங்களின் விருப்பம். சேர முன்வந்தவை, ஏற்கெனவே அவர்களுக்குச் சற்று ஆதரவாக நடந்துகொண்டிருந்த நிறுவனங்கள். மறுத்த நிறுவனங்களில் பெயரை மறைத்தால் என்ன நடந்திருக்கும் என்பது அந்தத் தரவில் இல்லை.