சீன ஓவியத்தில் மாடு, குதிரை, ஆடு: முதலில் கயிற்றைத் தேடுங்கள்

பழைய சீன ஓவியத்தில் ஒரு மாடு மேய்ந்தால் அது வெறும் மாடாகவும் இருக்கலாம், "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று அரசருக்குப் போன கடிதமாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: வலது ஓரத்தில் தொடங்குங்கள்

சுருள் ஓவியம் வலமிருந்து இடமாக விரியும். பழக ஏற்றது ஹான் ஹுவாங் (723–787) வரைந்த 'ஐந்து எருதுகள்'. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 20.8 செ.மீ., நீளம் 139.8 செ.மீ. போனில் முழுதாகப் பார்த்தால் ரிப்பன் போலத்தான் தெரியும். பெரிதாக்கி, ஒவ்வொரு மாடாக நகருங்கள்.

படி 2: கயிறு இருக்கிறதா?

நான்கு மாடுகளுக்குக் கயிறே இல்லை. இடதுகோடி மாட்டுக்கு மட்டும் தலையில் சிவப்புக் கட்டு, மூக்கணாங்கயிறு. இங்கே ஒரு பழைய கதை உதவும். லியாங் அரசர் வூ பதவிக்கு அழைத்தபோது, தாவோ ஹோங்ஜிங் (456–536) இரண்டு மாடுகளை வரைந்து அனுப்பினார்: ஒன்று புல்வெளியில் இஷ்டத்துக்கு மேய்கிறது; இன்னொன்றுக்குப் பொன் தலைக்கட்டு. அரசருக்குப் புரிந்துவிட்டது. 'ஐந்து எருதுகள்' சுருளில் பின்னாளில் குறிப்பு எழுதிய ஜாவோ மெங்ஃபுவும் இந்தக் கதையைத்தான் நினைவுகூர்கிறார். ஆனால் ஹான் ஹுவாங்கே அமைச்சர் பதவி வகித்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 3: விலா எலும்பை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கோங் காய் என்ற ஓவியரின் மெலிந்த குதிரையைப் பார்த்து "பாவம், பட்டினி" என்று நகர்ந்துவிடுவார்கள். சாதாரணக் குதிரைக்குப் பத்துச் சொச்சம் விலா, ஆயிரம் லீ (பழைய சீனத் தூர அளவு) ஓடும் குதிரைக்குப் பதினைந்து என்பது அவரே படத்தில் எழுதிய கணக்கு. மெலிந்தால்தானே விலா தெரியும்? 1279இல் வீழ்ந்த சோங் அரசுக்கு விசுவாசமாக இருந்தவர் அவர். அந்தக் குதிரை உயர்சாதி, சவாரி செய்யத்தான் ஆளில்லை. ரென் ரென்ஃபாவின் 'இரு குதிரைகள்' வேறு கணக்கு: கொழுத்தது ஊழல் அதிகாரி, மெலிந்தது நேர்மையானவர்.

படி 4: பெயரை உச்சரியுங்கள்

ஆட்டுக்குச் சீனத்தில் 'யாங்'. வெயிலையும் வெம்மையையும் குறிக்கும் 'யாங்' வேறு எழுத்து, ஒலி ஒன்றே. அதனால் மூன்று ஆடுகள் என்றால் குளிர் விலகிப் புத்தாண்டு பிறக்கும் வாழ்த்து. ஷுவாண்டே பேரரசர் 1429இல் வரைந்தது இதைத்தான். வெள்ளாடு, செம்மறி இரண்டுமே 'யாங்'தான். எண்ணிக்கை மூன்றா என்று மட்டும் பாருங்கள்.

படி 5: எழுத்தைக் கடைசியில் படியுங்கள்

ஜாவோ மெங்ஃபுவின் (1254–1322) படத்தில் இரண்டே ஆடுகள். வெள்ளாட்டின் நீள ரோமம் உலர்ந்த தூரிகைக் கீற்றுகள். செம்மறியின் புள்ளிகள் ஈர மைக் கறைகள். சோங் அரச வம்சத்தில் பிறந்து, அதை வீழ்த்திய மங்கோலியரிடம் பணியாற்றியவர் என்பதால், எதிரியிடம் 19 ஆண்டு சிறைப்பட்டும் பணியாமல் ஆடு மேய்த்த பழங்காலத் தூதர் சூ வூவையும், அதே எதிரியிடம் சரணடைந்த தளபதி லீ லிங்கையும் அறிஞர்கள் இதில் காண்கிறார்கள். படத்தில் அவர் எழுதியதோ, நண்பர் கேட்டதால் நேரில் பார்த்து விளையாட்டாக வரைந்தேன் என்றுதான். அதனால் அறிஞர்களின் விளக்கத்தை, பின்னால் அழிக்க வசதியாகப் பென்சிலில் குறித்துக்கொள்வது நல்லது.

சிவப்பு முத்திரைகளை ஓவியருடையவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவை பிற்காலத்தில் படத்தை வைத்திருந்தவர்கள் குத்தியவை. 18ஆம் நூற்றாண்டின் சியன்லோங் பேரரசர் ஜாவோவின் இந்த ஆடுகளையும் முத்திரை குத்தாமல் விட்டுவைக்கவில்லை.