காலில் வரி இருந்தால் போதாது, முதுகைப் பாருங்கள்: கொசு இனம் காணும் முறை

காலில் கறுப்பு வெள்ளை வரி தெரிந்தாலே "டெங்கு கொசு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலில் வரியுள்ள கொசுக்கள் பல உண்டு. எது எதென்று தெரியாவிட்டால், எந்தத் தண்ணீரைக் கொட்டுவது என்பதும் தெரியாது. வீட்டுக்குள் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மில் புழு நெளிந்துகொண்டிருக்கும், நாம் தெருச் சாக்கடைக்கு மருந்து அடித்துக்கொண்டிருப்போம். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி சாக்கடையில் வளர்வது அரிது. அது தேடுவது நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரைத்தான்.

முதலில், கொசு சிதையாமல் கையில் கிடைக்க வேண்டும். அடையாளம் எல்லாம் உடம்பின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில்களில்தான் இருக்கிறது. கையால் அறைந்த கொசுவில் செதில் உதிர்ந்துவிடும், மின்சார பேட்டில் அடித்தால் கருகிவிடும். ஸ்பிரிட்டில் போட்டாலும் வெள்ளைக் கோடுகள் மங்கும். வாய் அகன்ற சிறிய கண்ணாடி பாட்டில் ஒன்றும் ஒரு அட்டைத் துண்டும் போதும். கொக்கியில் தொங்கும் சட்டைகளின் பின்புறம், கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில் என இருட்டான இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்து, அட்டையை அடியில் நகர்த்தி மூடுங்கள். பாட்டிலை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தால் கொசு செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்கக் கூடாது. குளிர் போகும்வரை பத்து நிமிடம் விடுங்கள். உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்து, செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எந்தக் கோடும் தெரியாமல் போகும். கொசுவைப் பஞ்சில் வைக்காதீர்கள், கால்கள் சிக்கி முறியும். டிஷ்யூ பேப்பர் நல்லது.

பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் உதவும். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. கறுப்பு உடம்பு நன்றாகத் தெரியும், ஆனால் நமக்கு வேண்டிய வெள்ளை வரி தாளோடு கலந்துவிடும். சாம்பல் அல்லது வெளிர்நீல அட்டையில் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். நேர் மேலிருந்து அடித்தால் செதில்கள் பளபளத்துக் கண்ணைக் கூசும்.

அது கொசுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரி அணை, ஏரிக்கரை ஓரங்களில் மாலையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகளில் பெரும்பாலானவை கடிக்காத கொசு போன்ற ஈக்கள். அவற்றுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கிடையாது, இறக்கையில் செதிலும் இராது. உட்காரும்போது முன்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். கொசு தூக்குவது பின்னங்காலை. அடுத்து உணர்கொம்பு: இறகு போலப் புசுபுசுவென்று இருந்தால் ஆண், அது கடிக்காது. ஓரிரு முடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். இனி சொல்வதெல்லாம் பெண் கொசுவுக்கு.

உறிஞ்சுகுழலின் இரு பக்கமும் பால்ப் எனும் இரண்டு உறுப்புகள் இருக்கும். அவை உறிஞ்சுகுழல் அளவுக்கே நீளமாக இருந்தால் அனாபிலிஸ், மலேரியா பரப்பும் வகை. குட்டையாக இருந்தால் ஏடிஸ், கியூலெக்ஸ் முதலியவை. உயிரோடு சுவரில் இருக்கும்போதே அனாபிலிஸைக் கண்டுகொள்ளலாம்: தலை கீழே, வால் மேலே என்று ஆணி அறைந்ததுபோல் சாய்வாக நிற்கும். மற்றவை சுவருக்கு இணையாகக் கூன் போட்டு உட்காரும்.

பால்ப் குட்டை, உடம்பு கறுப்பு, வெள்ளை வரி உண்டு. இப்போதுதான் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகு என்பது தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே, இறக்கை முளைக்கும் பகுதியின் மேல்புறம். இரு ஓரத்திலும் அடைப்புக்குறி போல் வளைந்த வெள்ளிக் கோடுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய நேர்க்கோடுகள் இரண்டு: இது ஏடிஸ் எஜிப்தி. யாழ் வடிவம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். நட்டநடுவே சுண்ணாம்பால் இழுத்ததுபோல் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இதுவும் டெங்கு, சிக்குன்குனியா பரப்பும். தோட்டம், தோப்பு, மரப்பொந்து இதற்குப் பிடித்த இடம். இரண்டுக்கும் பின்னங்கால் பாதத்தின் கடைசிக் கணு முழு வெள்ளைதான், அதனால்தான் பாதத்து வரியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது என்கிறோம்.

வயதான கொசுவில் முதுகுச் செதில் தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். அப்போது இரண்டு இடங்கள் கைகொடுக்கும். உறிஞ்சுகுழல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முகத்தில் இரு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் எஜிப்தி. அல்போபிக்டஸுக்கு அந்த இடம் கறுப்பு. நடுக்காலின் தொடையில் முன்பக்கமாக நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஓடினாலும் எஜிப்திதான்.

நம் பக்கம் பாறை நிலம். பாறைக்குழியில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் விட்டாட்டஸ் என்ற இன்னொன்று வளரும். காலில் வரி அப்படியே இருக்கும், ஆனால் முதுகில் கோட்டுக்குப் பதில் மூன்று ஜோடியாகச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். டெங்குவின் முதன்மைக் கொசு இதுவல்ல. அதிகம் குழப்புவது ஆர்மிஜெரஸ். பெரிய கறுத்த உடம்பு, வயிற்றின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு, சுருக்கென்ற கடி, பார்த்ததும் பயப்படுவோம். இதன் உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கும், பாதத்தில் வெள்ளை வளையம் இராது. செப்டிக் டேங்கிலிருந்து வருவது. அதன் காற்றுக் குழாய் முனையில் வலை கட்டினால் வரத்து குறையும்.

அனாபிலிஸில் நகரத்துக்கு உரியது ஸ்டெபென்சி: கால்களிலும் பால்ப்பிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள், பால்ப் நுனியில் அகலமான இரண்டு வெள்ளைப் பட்டைகள். மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு இதன் இடம். கிராமத்து மலேரியாவுக்குக் காரணமான கியூலிசிஃபேசிஸ் சிறியது, காலில் பொட்டு இராது. ஆற்றுப் படுகைக் குட்டையிலும் வாய்க்காலிலும் வளரும். ஆனால் காலில் பொட்டில்லாத அனாபிலிஸ் வேறு பலவும் உண்டு, லென்ஸை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். மைக்ரோஸ்கோப் வேண்டும்.

இரவில் காதில் ரீங்கரிக்கும் பழுப்புக் கொசு, மழுங்கிய வால்: கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ், யானைக்கால் நோய் பரப்புவது, சாக்கடையில் வளர்வது. நெல் வயலருகே பிடித்த சிறிய பழுப்புக் கொசுவின் உறிஞ்சுகுழல் நடுவே வெளிறிய வளையம் இருந்தால், மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் வகையாக இருக்கலாம்.

கடிக்கும் நேரத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஜிப்தி பகலில் கடிப்பதுதான், ஆனால் விளக்கு எரியும் அறையில் இரவிலும் கடிக்கும்.

கொசு சிக்காவிட்டால் புழுவைப் பாருங்கள். தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் மற்றவை: மூச்சுக்குழல் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடித்து, உடம்பு ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கினால் ஏடிஸ். டார்ச் பட்டதும் ஏடிஸ் புழு நெளிந்து அடிக்குப் போய்விடும், அதனால் ஒருமுறை எட்டிப் பார்த்து "புழு இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்கு மேலே வரும்.

ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதக்காது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில், கறுப்பு எள்ளின் நுண்ணிய துணுக்குபோல் தனித்தனியே ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் தீராது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆட்டுக்கல் குழி, பழைய டயர், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மாட்டுத் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் புழுவை வளர்த்துப் பாருங்கள். பத்துப் புழுக்களை அதே தண்ணீரோடு அரை லிட்டர் பாட்டிலில் பாதிவரை விட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். புழு சுருண்டு காற்புள்ளி வடிவக் கூட்டுப்புழு ஆனால், அடுத்த இரண்டு மூன்று நாளில் கொசு வெளிவரும். வந்தவுடன் பிடித்தால் நிறம் ஊறியிருக்காது, ஒரு நாள் பொறுங்கள். பிறகு துணியை விலக்கும் அதே கணத்தில் காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் கொசுக்கள் மேலே ஏறும். அட்டையைச் செருகிப் பிரித்து ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மிச்சமிருக்கும் தண்ணீரில் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிடுங்கள். செத்த கொசுவை டிஷ்யூவில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்து, ஊர், தேதி, எந்தத் தொட்டித் தண்ணீர் என்று மேலே எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் கொடுக்கலாம். எந்தத் தொட்டி என்று எழுதாத பெட்டியை வைத்துக்கொண்டு அவரால் எங்கேயும் போய்த் தேட முடியாது.