அறுவை மேசையில் குளிர் தாக்காமல், படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி?

படுக்கைப் புண் என்றாலே மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அறுவை மேசையில் சில மணி நேரம் அசையாமல் கிடந்தவருக்கும் அது வரும். மயக்க மருந்து கொடுத்ததும் உடலின் நடுப்பகுதியிலிருந்த சூடு கை கால்களுக்குப் பரவி, முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடலாம். குளிர்ந்த உடல் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே உடல் எடை அழுத்திக்கொண்டிருக்கும் இடுப்பின் பின்புறத்துக்கும் குதிகாலுக்கும் அப்போது இரத்தம் மேலும் குறைகிறது.

புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்களுக்காக எழுதுகிறேன். வெப்ப அளவுகள், பிரிட்டனின் நைஸ் அமைப்பு பெரியவர்களுக்காக 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளவை.

1. வார்டிலேயே தொடங்குங்கள்

தியேட்டருக்கு அனுப்புமுன், கடைசி ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை பாருங்கள். 36 டிகிரிக்குக் கீழே இருந்தால் மயக்க மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அவசர அறுவையாக இல்லாவிட்டால் சூடேறிய பிறகே மயக்கம் கொடுக்க வேண்டும். மெல்லிய கவுனோடு யாரையும் தாழ்வாரத்தில் காக்க வைக்காதீர்கள்.

2. மேசையில்

வெப்பக்காற்றுப் போர்வை (குழாய் வழியே சூடான காற்று ஊதப்படும் போர்வை) இருந்தால் அறுவை நடக்காத பகுதியின் மேல் விரியுங்கள். அதன் குழாயைத் தனியாகத் துணிக்கடியில் செருகவே கூடாது, தோல் வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பவர் சுடுகிறது என்று சொல்ல மாட்டார். சுடுநீர்ப் பையும் இதே காரணத்தால் ஆபத்து. இரத்த ஓட்டம் தடைபட்ட காலுக்கு நேரடிச் சூடு வேண்டாம்.

கம்பளியை மேலேதான் போர்த்த வேண்டும். கீழே கம்பளிகளை அடுக்கினால் மெத்தையின் மென்மை வீணாகி அழுத்தம் கூடும். சுத்தம் செய்யும் மருந்து முதுகுக்கடியில் தேங்கினால் உடனே துடையுங்கள்; ஈரம் குளிரையும் தரும், தோலையும் கெடுக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கி விடுங்கள்.

500 மில்லியோ அதற்கு மேலோ ஏற்றும் சலைனும், இரத்தமும் அதற்குரிய கருவியில் 37 டிகிரிக்குச் சூடாக்கப்பட வேண்டும். நோயாளியின் உடல் போர்த்தப்படாமல் இருக்கும்வரை அறையின் வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. அரை மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறியுங்கள்.

3. அறுவைக்குப் பின்

மீட்பு அறையில் 15 நிமிடத்துக்கொரு முறை பாருங்கள். 36 டிகிரியை எட்டிய பிறகே வார்டுக்கு. அங்கே தோலைப் பாருங்கள். நம்மவர்களின் கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஆழத்தில் ஏற்பட்ட காயம் இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளியே தெரியலாம். அதுவரை ஒவ்வொரு பணிமாற்றத்திலும் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.