ஏர் ரைபிளுக்கு மலிவான கம்ப்ரசர்: என் அனுபவம்

பஞ்சர் கடை கம்ப்ரசர் 8, 10 பார் (காற்றழுத்த அளவு) அழுத்தத்தோடு நின்றுவிடும். முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் பிசிபி வகை ஏர் ரைபிளுக்கு 200 முதல் 300 பார் வேண்டும். விலையைப் பார்க்கும் முன் கணக்குப் போடுங்கள். ரைபிளில் இருக்கும் 200 சிசி காற்றுச் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200க்கு ஏற்ற ஏறக்குறைய 20 லிட்டர் வெளிக்காற்று போதும்; 12 வோல்ட் கையடக்க மெஷினே தாராளம். காற்றைச் சேமித்து வைக்கும் 6.8 லிட்டர் டேங்கை 200லிருந்து 300க்கு ஏற்றவோ 680 லிட்டர். சின்ன மெஷினை அதற்கு ஓட்டினால் சூட்டில் பிஸ்டன் சீல் போய்விடும். டேங்க் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீரில் குளிரும், ஆயில் ஊற்றும் காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் இரண்டு ஸ்டேஜ் மெஷின்தான் சரி.

மலிவு மெஷின்களில் பெரிய தொல்லை ஈரம். அழுத்தத்தில் நீராவி தண்ணீராகி ரைபிளின் வால்வு வரை போய்த் துருவேற்றும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் ப்ளீட் வால்வைத் திறந்துவிட்டு, வெளியே தனி பில்டரும் மாட்டிய பிறகே எனக்கு இது அடங்கியது. பில்டர் பஞ்சு நனைந்தாலோ பழுப்பானாலோ மாற்றிவிட வேண்டும்.

காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் உயரழுத்தக் காற்றில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடான பர்ஸ்ட் டிஸ்க் கிழிந்தால் அதே அழுத்த அளவுள்ள டிஸ்க்கைப் போடுங்கள். தடித்த தகடு வைத்து அடைப்பவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.