அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: பத்து செயல்பாடுகளும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனிதரும்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் மாணவருக்கு ஒரே எண் போதும்: 200க்கு எவ்வளவு கட்-ஆஃப். அமெரிக்காவில் போட்டி மிகுந்த கல்லூரிகளில் அப்படி ஓர் எண் கிடையாது. இது தெரிந்தும், அந்த எண்ணின் இடத்தில் சான்றிதழ்களை வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒலிம்பியாட், அபாகஸ், கோடைக்கால முகாம் என்று கோப்பு தடிக்க ஆரம்பித்துவிடும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் அந்தக் கோப்பை வைக்க இடமே இல்லை. விருதுகளுக்கு ஐந்து வரி, பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்குப் பத்து வரி. அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண்ணும், எடுத்த பாடங்களின் கடினமும் வாசல். அதைத் தாண்டாதவரை எந்தச் செயல்பாடும் காப்பாற்றாது. ஆனால் வாசலைத் தாண்டியவர்களே இடங்களைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள். அவர்களிடையே யாரைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போதுதான் மற்றவை பேசும். ஒரு கல்லூரி எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடி, சி7 என்ற அட்டவணையைத் திறங்கள். செயல்பாடுகள், நேர்முகம், பரிந்துரை, குணநலன் ஒவ்வொன்றுக்கும் 'மிக முக்கியம்' முதல் 'கணக்கில் இல்லை' வரை குறி போட்டிருப்பார்கள். எம்ஐடியின் அட்டவணையில் பல ஆண்டுகளாக 'மிக முக்கியம்' என்ற குறியைப் பெற்றிருப்பது குணநலன் ஒன்றுதான். மாணவர் சேர்க்கையில் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது நடந்த வழக்கின் 2018 விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. அங்கே படிப்புக்கு ஒரு மதிப்பீடு, செயல்பாடுகளுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, ஆளுமைக்குத் தனியே ஒன்று. கட்டுரை, ஆசிரியர் கடிதம், நேர்முகம் ஆகியவற்றை வைத்து அந்தக் கடைசி மதிப்பீட்டைப் போடுகிறார்கள்.

ஆகவே செயல்பாடு வேறு, பழகும் திறன் வேறு என்று பிரித்துத் தயாராகாதீர்கள். மற்றவர்களோடு நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சியாகத்தான் உங்கள் செயல்பாடுகளைப் படிப்பார்கள்.

எதைத் தொடர்வது, எதை விடுவது

செய்துகொண்டிருப்பவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: நாளை முதல் நான் வரவில்லை என்றால் யாருக்கு வேலை தடைபடும்? ஒருவருக்கும் இல்லை என்றால், அது நீங்கள் பெயர் கொடுத்திருக்கும் இடம் மட்டுமே. அப்படிப்பட்டவற்றைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் விட்டுவிட்டு, மிஞ்சும் நேரத்தை இரண்டு மூன்றில் போடுங்கள்.

பதவி இருந்தால்தான் பொறுப்பு என்பதில்லை. மிருதங்கம் படிப்பவர் சிறிய மாணவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் பாடம் எடுக்கலாம். தமிழ்ப் பள்ளியில் வருகைப் பதிவையும் புத்தக விநியோகத்தையும் ஒருவரே ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம். குடும்பக் கடையில் கல்லாவில் உட்காருவது, தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் டாக்டர் சொல்வதை மொழிபெயர்ப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது: இவற்றுக்கும் காமன் ஆப்பில் இடம் உண்டு. 'குடும்பப் பொறுப்புகள்', 'சம்பள வேலை' என்று தனித்தனி வகைகளே இருக்கின்றன. வீட்டு வேலையை எழுதுவதா என்று கூச்சப்பட்டு விடும் பிள்ளைகள் தங்கள் வலுவான வரியை இழக்கிறார்கள்.

பணம் கட்டிப் போகும் வெளிநாட்டுத் தொண்டுப் பயணம், பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென முளைக்கும் அறக்கட்டளை, கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழில் வந்த 'ஆய்வுக் கட்டுரை' ஆகியவை எடுபடுவதில்லை. இவற்றை எழுதியவரிடம் "யாரோடு வேலை செய்தீர்கள், எங்கே கருத்து வேறுபட்டது, பிறகு என்ன முடிவெடுத்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. படிப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

படிவத்தை நிரப்பும் முறை

காமன் ஆப் ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய ஆண்டுக்குத் திறக்கும். அதற்கு முன்பே வரைவு கையில் இருக்கட்டும். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளிகளும் இதில் சேரும். அமைப்பின் பெயரை விவரத்தில் மறுபடி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். 'நான்' தேவையில்லை, வினைச்சொல்லில் தொடங்கலாம்.

"தமிழ்ப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியராக இருந்து பலவற்றைக் கற்றுக்கொண்டேன்" என்ற வரியில் ஆளே தெரியவில்லை. "14 குழந்தைகளுக்கு வாசிப்பு வகுப்பு, பின்தங்கிய 4 பேருக்குத் தனிப் பயிற்சி, 2 புதிய உதவியாசிரியர்களைப் பழக்கினேன்" என்றால் அதே வேலை கண்முன் வந்து நிற்கிறது. எத்தனை பேர், என்ன மாறியது, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு ஒவ்வொரு வரியிலும் வரட்டும்.

வரிசையும் முக்கியம். உங்களுக்கு எது பெரிதோ அது முதலில் வரவேண்டும், காலவரிசை தேவையில்லை. பத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆறு உறுதியான வரிகளுக்குப் பின் நான்கு ஒப்புக்கான வரிகள் வந்தால், முதல் ஆறின் எடையும் குறையும்.

அதிகம் தவறு நடப்பது மணிக்கணக்கில். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள். பள்ளி ஆண்டு ஏறக்குறைய 36 வாரம். எல்லாவற்றுக்கும் 52 என்று போடாதீர்கள். பரதநாட்டியத்துக்கு வகுப்பு 2 மணி, வீட்டுப் பயிற்சி 4 மணி என்றால் வாரத்துக்கு 6. அரங்கேற்றத்துக்கு முந்தைய மூன்று மாதம் 12 மணி ஆனது என்பதற்காக நான்கு ஆண்டுக்கும் 12 போடக்கூடாது, சராசரி எடுங்கள். பிறகு பள்ளி நாட்களில் ஒரே காலத்தில் நடப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56, பள்ளி 35, வீட்டுப்பாடம் 20 போனால் மிஞ்சுவது 57. அதிலேதான் சாப்பாடு, குளியல், பயணம் எல்லாம். கூட்டுத்தொகை 40ஐத் தாண்டினால் எங்கோ கணக்கு ஊதியிருக்கிறது. கோடை விடுமுறை வேலைகளை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் படிவம் தனி. செயல்பாடும் விருதும் சேர்த்து 20 வரை எழுதலாம். விவரத்துக்கு 350 எழுத்து. காமன் ஆப் வரிகளை அப்படியே ஒட்டாமல், கிடைத்த இடத்தில் சூழலை விளக்குங்கள். அங்கே ஆண்டுதோறும் சில விண்ணப்பங்களைப் பொறுக்கியெடுத்துச் சான்று கேட்பார்கள். பதில் போகாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும். எம்ஐடியின் சொந்தப் படிவத்திலோ நான்கு செயல்பாடுகளுக்குத்தான் இடம்.

ஆசிரியர் கடிதம்

பழகும் திறனை நீங்களே சொல்லிக்கொள்ள முடியாது, இன்னொருவர் சொல்லவேண்டும். காமன் ஆப்பின் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் வகுப்பு விவாதத்தில் பங்கு, நேர்மை, முதிர்ச்சி, தோல்வியை எதிர்கொள்ளும் விதம், மற்றவர்மேல் அக்கறை போன்றவை தனித்தனியே கேட்கப்படுகின்றன. கடைசி இருக்கையில் அமைதியாக இருந்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப் பற்றி இந்த இடங்களில் ஆசிரியர் என்ன எழுதுவார்? அதற்கான விதையைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே போடவேண்டும். வாரம் ஒரு கேள்வியாவது வகுப்பில் கேளுங்கள். குழு வேலையில் பேசாமல் இருப்பவரைப் பேச அழையுங்கள். தவறு செய்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்கு முன்பே, நேரில் கேளுங்கள். ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் விருதுப் பட்டியல் வேண்டாம். அந்த ஆசிரியரின் வகுப்பில் நடந்த மூன்று சம்பவங்கள் போதும். நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் கடிதங்களில் 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிபவர்' என்றே பெரும்பாலும் இருக்கும். இங்கே அது பெரிய பாராட்டு. அங்கே படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு சம்பவத்தை விவரித்து எழுதுமாறு மரியாதையோடு கேட்பதில் தவறில்லை. பள்ளியின் சார்பில் எழுதும் கவுன்சிலர் (மாணவர் வழிகாட்டி) இல்லாவிட்டால் தலைமை ஆசிரியர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். அவரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 பல கல்லூரிகளின் கடைசி நாள்.

நேர்முகம்

எல்லாக் கல்லூரிகளும் நேர்முகம் வைப்பதில்லை. வைத்தால், பெரும்பாலும் முன்னாள் மாணவர் ஒருவர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பேசுவார். உங்கள் மதிப்பெண் அவர் கையில் இருக்காது. அதை ஒப்பிக்க வேண்டாம். பெரியவர் முன் தலை குனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது நம் மரியாதை. அங்கே அதையே ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் உதாரணம் வையுங்கள். குழுவில் நடந்ததைச் சொல்லும்போது யார் என்ன செய்தார் என்று மற்றவர்களுக்கும் பங்கு கொடுங்கள். எல்லாம் நானே என்பவரைவிட, அப்படிப் பங்கு கொடுப்பவர் நன்றாக நினைவில் நிற்பார். இணையதளத்தில் விடை கிடைக்காத மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள்.

பெற்றோர் உடன் உட்காரக்கூடாது. காரில் கொண்டுவந்து விட்டால் போதும். நேரம் குறிக்கும் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். 24 மணி நேரத்துக்குள் அனுப்பும் நன்றிக் கடிதத்தையும் அவரே எழுதட்டும்: நான்கு வரி, அதில் ஒரு வரி அன்று பேசிய குறிப்பிட்ட ஒன்றைப் பற்றி.