டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் கோர்ஸ் எடுக்கப் போறீங்களா? மொதல்ல இன்டக்ரேஷன தூசி தட்டுங்க

இந்த கோர்ஸ பத்தி சீனியர் யாரக் கேட்டாலும் ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணா போதும்னு தான் சொல்லுவாங்க, நானும் அத நம்பித்தான் போனேன், மொத டெஸ்ட்லயே வாங்கிக் கட்டிக்கிட்டேன். உண்மையில இதுல புது கான்செப்ட் கம்மி, நெறைய பேரு சறுக்குறது பழைய இன்டக்ரேஷன்ல தான். அதனால கிளாஸ் தொடங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சப்ஸ்டிட்யூஷன், இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ், பார்ஷியல் ஃப்ராக்ஷன் மூணுலயும் தினம் கொஞ்சம் கணக்கு போட்டு கையப் பழக்கிக்கங்க. அதுலயும் பார்ஷியல் ஃப்ராக்ஷன விட்றாதீங்க, ஆரம்பத்துல லாஜிஸ்டிக் ஈக்வேஷன்ல (ஒரு எல்லைக்கு மேல போகாத வளர்ச்சிக்கான கணக்கு) ஒரு தடவ தலையக் காட்டும், கடைசில லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் (டிஃபரென்ஷியல் ஈக்வேஷன சாதா அல்ஜீப்ராவா மாத்துற முறை) வரும்போது மொத்தமா வந்து உக்காந்துக்கும்.

அடுத்தது, விடைன்னா என்னன்னு புரிஞ்சுக்கங்க. சாதா ஈக்வேஷன்ல விடை ஒரு நம்பர், இங்க ஈக்வேஷனுக்குள்ள டெரிவேட்டிவ் இருக்கும், விடை ஒரு ஃபங்ஷன். அத டிஃபரென்ஷியேட் பண்ணி திரும்ப ஈக்வேஷன்ல போட்டுப் பாத்தா சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சிரும், பின்பக்க ஆன்சர புரட்டவே வேணாம். இவ்வளவு வசதி இருந்தும் யாரும் செய்றதில்ல!

என் கதையவே சொல்றேன். ஒய் டேஷ் = ஒய் (டேஷ்னா டெரிவேட்டிவ்), இவ்ளோ தான் கேள்வி. நான் எல்லாத்தையும் இன்டக்ரேட் பண்ணி, லாக்க எடுத்து, கடைசில ஞாபகம் வந்து ஓரமா ஒரு ப்ளஸ் சி போட்டேன், விடை இ பவர் எக்ஸ், அதுக்கு வெளிய தனியா ப்ளஸ் சி. தப்பு. சி-ய இன்டக்ரேட் பண்ற அந்த வரியிலயே போடணும், அப்ப தான் லாக் போகும்போது அது பெருக்கலா மாறி சி இன்டு இ பவர் எக்ஸ்னு வரும். நான் எழுதுனதுல சி-க்கு 5 போட்டு டிஃபரென்ஷியேட் பண்ணிருந்தா 5 காணாம போயி இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போகலன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பொறி, வகுக்கும்போது விடை தொலையுறது. ஒய் டேஷ் = ஒய் ஸ்கொயர், எக்ஸ் ஸீரோவா இருக்கும்போது ஒய்யும் ஸீரோன்னு குடுத்துட்டா, ஒய் ஸ்கொயரால வகுத்துட்டுப் போனீங்கன்னா எந்த சி போட்டாலும் செட் ஆகாது, மண்டைய பிச்சுக்குவீங்க. விடை என்னன்னா ஒய் எப்பவுமே ஸீரோ, அவ்ளோ தான். எதால வகுத்தாலும் அது ஸீரோ ஆனா என்ன ஆகும்னு பக்கத்துல ஒரு வரி எழுதி வைங்க.

வேர்ட் ப்ராப்ளம் வந்தா பயந்து கடைசிக்குத் தள்ளாதீங்க. 30 டிகிரி ரூம்ல 90 டிகிரி சுடுதண்ணி 10 நிமிஷத்துல 60-க்கு வந்திருச்சுன்னு வைங்க. இன்னும் 10 நிமிஷத்துல இன்னொரு 30 கொறஞ்சு ரூம் அளவுக்கே வந்துரும்னு தோணும், ஆனா ஆறுற வேகம் ரூமுக்கும் தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தப் பொறுத்தது, அந்த வித்தியாசம் 60-லேர்ந்து 30 ஆச்சுன்னா அடுத்த 10 நிமிஷத்துல 15 ஆகும், அதாவது 45 டிகிரி, அதுக்கு அடுத்து 37.5. இத மனசுல ஓட்டிட்டா ஈக்வேஷன் தானா வந்துரும்.

அப்புறம் இனம் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு சாப்டர் முடிவுல இருக்குற கணக்கு எல்லாம் அந்த சாப்டர் டைப் தான், அதனால போடும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், பரீட்சைல கலந்து வந்ததும் கை நின்னுரும். நான் பண்ணது, எல்லா சாப்டர்லேர்ந்தும் கணக்க துண்டு சீட்ல எழுதி குலுக்கிப் போட்டு எடுத்து, போடாம வெறும் டைப்ப மட்டும் சொல்லிப் பாத்தேன், செப்பரபிளா (ஒய்ய ஒரு பக்கம், எக்ஸ ஒரு பக்கம் பிரிக்க முடியுறது), லீனியரா (ஒய்யும் ஒய் டேஷும் ஸ்கொயர் மாதிரி எதுவும் இல்லாம வர்றது), எக்ஸாக்ட்டா (மொத்தமும் ஒரே ஃபங்ஷனோட டிஃபரென்ஷியலா இருக்குறது). லீனியர்னா ஒய் டேஷுக்கு முன்னாடி எக்ஸ் மாதிரி ஏதாவது ஒட்டிட்டிருந்தா மொதல்ல அதால வகுத்துட்டு தான் இன்டக்ரேட்டிங் ஃபேக்டர் (இன்டக்ரேட் பண்ண வசதியா ரெண்டு பக்கமும் பெருக்குற ஃபங்ஷன்) எடுக்கணும், இத மறந்து போன மார்க்குக்கு கணக்கே இல்ல.

செகண்ட் ஆர்டர்ல (ஒய் டபுள் டேஷ் வரைக்கும் வர்றது) குவாட்ராடிக் மூலம் எடுக்குறது ஈஸி தான், வலது பக்கம் ஸீரோ இல்லாதப்ப தான் வம்பு. ஒய் டபுள் டேஷ் மைனஸ் 3 ஒய் டேஷ் ப்ளஸ் 2 ஒய் = இ பவர் எக்ஸ், மூலம் 1, 2. ஏ இன்டு இ பவர் எக்ஸ்னு கெஸ் பண்ணி உள்ள போட்டா இடது பக்கம் ஸீரோ ஆயிரும், ஏன்னா அது ஏற்கனவே ஸீரோ கணக்கோட (வலது பக்கம் ஸீரோ போட்ட அதே கணக்கு) விடை. அப்ப ஒரு எக்ஸ சேத்து பெருக்கிப் போடுங்க, ஏ-யோட மதிப்பு மைனஸ் 1-னு வந்துரும். அதனால கெஸ் பண்றதுக்கு முன்னாடி ஸீரோ கணக்க முடிச்சிருங்க, வரிசைய மாத்தாதீங்க.

லாப்லாஸ் டேபிள் பழகிட்டா ஓடிரும். நியூமரிக்கல் மெத்தட்ல, சின்னச் சின்ன ஸ்டெப்பா நகர்ந்து தோராயமா விடை எடுக்குற ஆய்லர் மெத்தட் வரும் (யூலர்னு படிச்சு கிளாஸையே சிரிக்க வச்சது நான் தான்), அதுக்கு நாலு காலம் போட்டு டேபிளா எழுதுங்க, ஸ்டெப் சைஸ மேல பெருசா எழுதி வைங்க. பரீட்சை ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி கால்குலேட்டர் ரேடியன்ல இருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்க, நான் டிகிரில வச்சு ஒரு முழு டேபிள எழுதி அடிச்சிருக்கேன்.