மார்கழியில் கேமராவைத் தூங்கவிடாதீர்கள்

நாகப்பட்டினத்தில் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு ஆண்டில் இரண்டு மாதம் கட்டாய ஓய்வு: ஆடி, மார்கழி. ஆடியில் காற்றடிக்கும், புழுதி பறக்கும், சமாளித்துவிடலாம். மார்கழிதான் பொல்லாதது. ஐப்பசியும் கார்த்திகையும் பெய்து தீர்த்து, சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கும் நேரத்தில் முகூர்த்தங்கள் நின்றுவிடும். கேமராவைத் துடைத்துப் பையில் போட்டு, பையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் தை பிறந்ததும் திறப்போம். என் 85 மி.மீ. லென்ஸ் அப்படித்தான் போயிற்று. தையின் முதல் முகூர்த்தத்தில் மணப்பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி எடுத்தேன். படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை கட்டியிருக்கிறது. பூஞ்சை.

அதற்கு முன்பே அப்பாவின் யாஷிகா கேமரா அதே வழியில் போயிருந்தது. அவர் அதைத் தோலுறையோடு, அந்துருண்டை போட்டு, பட்டுப்புடவை மாதிரி வைத்திருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தானே பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். அந்துருண்டையின் ஆவியோ கண்ணாடியில் படலமாகப் படியும். இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலில் மழை என் கருவி எதையும் கொன்றதில்லை. பீரோ இரண்டைக் கொன்றிருக்கிறது. அதனால் கேமராவை எப்படி எடுத்துவைப்பது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஈரத்தை அளந்து பாருங்கள்

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிஜிட்டல் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் 85 சாதாரணம். லென்ஸ் இருக்கும் இடத்தில் 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. மாதக்கணக்கில் 30க்குக் கீழே போவதும் கூடாது. ரப்பர் வளையங்களும் உள்ளே இருக்கும் மசகும் காய்ந்துபோகலாம்.

மலிவான கருவி பொய் சொல்லும். அதைச் சோதிக்கச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. தண்ணீர் பாட்டிலின் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகுமளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் ஒரு ஜிப் பையில் வைத்து இறுக்கி மூடி, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது. அதைப் பேனாவால் எழுதி ஈரப்பதமானியின்மேல் ஒட்டிவிடுங்கள். என்னுடையது ஆறு குறைத்துச் சொல்லும்.

டப்பா

ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. ஒரு கேமரா, மூன்று லென்ஸ் வைத்திருப்பவருக்கு 10 லிட்டர் போதும். உள்ளே 100 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), ஈரப்பதமானி, கருவிகள். வேறு எதுவும் வேண்டாம்.

பலரும் தவறுவது இங்கேதான். பையோடு அப்படியே டப்பாவில் இறக்கிவிட்டு, சிலிக்கா ஒரு வாரத்தில் நிறம் மாறிவிட்டது, சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். 10 லிட்டர் என்பது அதில் நூறில் ஒரு பங்கு. ஆக, டப்பாவுக்குள் இருக்கும் காற்றில் அரைக் கிராம் நீர்கூடக் கிடையாது. 100 கிராம் சிலிக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிலிக்காவின் வயிற்றை நிரப்புவது பையின் பஞ்சும், வியர்வை ஊறிய கழுத்துப் பட்டையும், தோலுறையும், அட்டைப்பெட்டியும். கருவிகளை வெறும் உடம்போடு வையுங்கள். பட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டுங்கள்.

செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவை உங்கள் கைக்கு வரும்போதே பெரும்பாலும் வயிறு நிறைந்துதான் இருக்கும். அரிசியும் வேண்டாம், அது பெரிதாக ஈரம் இழுக்காது, மாவுதான் உதிரும்.

நிறம் மாறும் சிலிக்காவாக வாங்குங்கள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு மணி பச்சையாகும். மாறியதும் தூக்கி எறிய வேண்டாம், வறுத்தால் திரும்பிவரும். அகலமான இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும். தீயைக் கூட்டினால் சாயம் கருகும். நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நஞ்சு. அதனால் ஜன்னலைத் திறந்துவைத்து வறுங்கள்; சமைக்கும் சட்டியைத் தொடவே கூடாது. நான் ஒருமுறை தோசைக்கல்லில் வறுத்துவிட்டு வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. கல் பழைய இரும்புக்குப் போனது. வறுத்ததை மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்ட பிறகே உள்ளே வையுங்கள். திறந்து ஆறவிட்டால், ஆறுவதற்குள் ஊர்க்காற்றைக் குடித்துவிடும்.

மின்சாரத்தில் இயங்கும் உலர் அலமாரி வசதிதான். லென்ஸ்கள் ஐந்தாறைத் தாண்டினால் வாங்கிவிடலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது, தெருவுக்கு மின்சாரம் திரும்ப ஒன்பது நாள் ஆனது. அலமாரி வெறும் கண்ணாடிப் பெட்டியாக நின்றது. வறுத்த சிலிக்காவை ஒரு கிண்ணத்தில் உள்ளே வைத்து, கதவைத் திறக்காமல் காத்தேன். இப்போதும் ஐப்பசி பிறந்தால் கால் கிலோ வறுத்துத் தயாராக வைத்துவிடுவேன்.

ஏசி மண்டபத்திலிருந்து வாசலுக்கு

வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். மண்டபத்தின் ஏசியில் மூன்று மணி நேரம் கிடந்த கேமரா 23 டிகிரியில் இருக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலுக்கு ஓடுகிறோம், நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, லென்ஸில் மஞ்சு மூட்டம். துணியால் துடைத்தால் மறுபடி மூடும். கண்ணாடி சூடேறும்வரை அதுதான் நடக்கும்.

நேரம் இருந்தால், மண்டபத்துக்கு உள்ளேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் வையுங்கள். ஈரம் பையின்மேல் படியும், கேமராவில் படியாது. கல்யாண வீட்டில் அரை மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்? அதனால் இரண்டாவது கேமராவை உதவியாளர் தம்பியிடம் கொடுத்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். பன்னீர்ச் செம்பின் பக்கம் மட்டும் நிற்காதே என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டம் இருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். உள்ளே படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரும் குளிர்ந்துதான் இருக்கிறது. ஈரக்காற்றை அதன்மேல் விடாதீர்கள்.

மழையும் கடலும்

மழையில் நனைந்தால் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஜூம் லென்ஸ் நீண்டிருந்தால், குழாயைத் துடைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். இல்லையென்றால் ஈரத்தைக் கையால் உள்ளே அனுப்புகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியும் கார்டும் வெளியே. கேமரா மின்விசிறிக்குக் கீழே. முடி உலர்த்தும் கருவி வேண்டாம்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் கூடுதலாக ஒரு வேலை. உப்பு சும்மா இருக்காது, ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். குடிதண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. கடலிலேயே விழுந்துவிட்டதா? பேட்டரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மாதம் ஒருமுறை டார்ச்

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒளித்துளையை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்புறம் பாருங்கள். புள்ளிகள் தூசி, எல்லா லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். கிளைவிடும் இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். தொடக்கத்தில் பிடித்தால் துடைத்து எடுத்துவிடலாம். அரித்த தடம் போகாது. வெளிக்கண்ணாடியில் இருந்தால் லென்ஸ் துடைக்கும் திரவத்தால் நீங்களே துடைக்கலாம். உள்ளே இருந்தால் திருப்புளியைத் தொடாதீர்கள். என் 85ஐ நானே பிரித்தேன், கண்ணாடிகளின் நடுமையம் விலகியது, இப்போது அது மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்பார்கள். லென்ஸ் என்பது பூதக்கண்ணாடி. ஜன்னல் திரை பற்றிக்கொள்ளும்.

பயன்பாட்டில் இருக்கும் லென்ஸில் பூஞ்சை வருவது அரிது. அதனால் இப்போதெல்லாம் மார்கழியில் விடியற்காலை தெருவில் இறங்கி, சாணியில் பூசணிப்பூ செருகிய கோலங்களை எடுக்கிறேன், நாளுக்கு ஒரு லென்ஸாக. பனி இருக்கும். திரும்பியதும் துடைத்து, ஒரு மணி நேரம் விசிறிக்கடியில் விட்டுத்தான் டப்பா. பெரிய கோலம் போடும் எதிர்வீட்டு அக்கா, போன மார்கழியில் எடுத்த படத்துக்குப் பிரிண்ட் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.